கேம் ஸ்டுடியோவில் நிரலாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 ஆண்டுகளாக வீடியோ கேம் ஸ்டுடியோக்களில் நிரல் எழுதி வருகிறேன். முதலில் கதாபாத்திரங்களின் அசைவு, பிறகு விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் பக்கம். கல்லூரி மாணவர்கள், வேறு துறையில் இருக்கும் நண்பர்கள், பிள்ளையை இதில் விடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் எனப் பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வது எனக்கே உறுத்தலாக இருந்தது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

நாள் முழுக்க கேம் விளையாடுவதுதான் வேலையா?

இல்லை. நாள் முழுக்க விளையாடுபவர்கள் டெஸ்டர்கள். அவர்களுக்கும் அது பொழுதுபோக்கு அல்ல. ஒரே கதவை 200 முறை திறந்து மூடுவது, சுவரின் ஒவ்வொரு மூலையிலும் மோதிப் பார்ப்பது அவர்களுடைய பணி. நிரலாளர் தான் எழுதிய பகுதியை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்ப்பார், நிறுத்துவார், ஒரு வரியை மாற்றுவார், மறுபடி ஓட்டுவார். நான் வேலை செய்த ஒரு விளையாட்டின் முதல் கட்டத்தை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். அதன் கடைசிக் கட்டத்தை, அது கடைக்கு வந்த பிறகுதான் முழுதாக ஆடினேன்.

கதையும் விதிகளும் யோசிப்பது நிரலாளர் இல்லையா? பிறகு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

விதிகளை யோசிப்பவர் டிசைனர். உருவங்களையும் இடங்களையும் உருவாக்குபவர் ஆர்ட்டிஸ்ட். அவர்கள் நினைத்ததை இயந்திரத்தில் ஓட வைப்பவர் நிரலாளர். சிறிய குழுவில் ஒருவரே மூன்றையும் செய்வது உண்டு. 2016இல் வெளியான ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டை ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உருவாக்கினார்.

பெரிய ஸ்டுடியோவில் நிரலாளர்களுக்குள்ளேயே பல பிரிவுகள் உண்டு. வீரர் (விளையாடுபவர்) பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை எழுதுபவர், திரையில் ஒளியும் நிழலும் விழச் செய்பவர், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுவதைக் கவனிப்பவர், ஒலி, திரையில் வரும் மெனுக்கள் என்று பட்டியல் நீளும். யாரும் அதிகம் பேசாத ஒரு பிரிவு, கருவிகள் எழுதுபவர்கள். டிசைனர் ஒரு மரத்தை நகர்த்தி விளைவைப் பார்க்க 40 நொடி காத்திருந்தால், ஒரு நாளைக்கு 30 முறைதான் முயன்று பார்ப்பார். அதே வேலை 1 நொடியில் முடிந்தால் 300 முறை முயல்வார். விளையாட்டின் தரம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. புதியவர்கள் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அன்ரியல், யூனிட்டி என்று எஞ்சின்கள் தயாராகக் கிடைக்கும்போது நிரல் எழுத என்ன மிச்சம் இருக்கிறது?

எஞ்சின் படம் வரையும், மோதலைக் கணக்கிடும், ஒலி எழுப்பும். உங்கள் கதாநாயகன் எப்படித் தாவ வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. வீரர் பாறையின் விளிம்புக்கு ஓடி வந்து தாவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் பொத்தானைச் சற்றுத் தாமதமாகத்தான் அழுத்துவார்கள், அதற்குள் கால் விளிம்பைத் தாண்டியிருக்கும். கணக்குப்படி அவர் காற்றில் இருக்கிறார், தாவ முடியாது, விழ வேண்டும். ஆனால் விழுந்தால் அவர் தன் கையைக் குறை சொல்ல மாட்டார், விளையாட்டைத்தான் திட்டுவார். அவர் திட்டுவதில் நியாயமும் இருக்கிறது.

அதனால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு சிறு அவகாசம் தருகிறோம். 2018இல் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்கள் கதாபாத்திரத்தின் நிரலைப் பொதுவில் வெளியிட்டார்கள். அதில் இந்த அவகாசம் 0.1 நொடி. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் தாவ வைப்பது இன்னொரு சலுகை. இப்படிப்பட்ட நூறு சிறு இரக்கங்கள் சேர்ந்துதான் ஒரு விளையாட்டு கைக்கு இதமாக இருக்கிறது. எஞ்சின் வாங்கினால் இவை அதோடு சேர்ந்து வந்துவிடாது.

எந்த நிரல்மொழி கற்க வேண்டும்? எந்த எஞ்சின்?

அன்ரியலும் பெரிய ஸ்டுடியோக்களின் சொந்த எஞ்சின்களும் சி பிளஸ் பிளஸ். யூனிட்டி என்றால் சி ஷார்ப். கருவிகளுக்குப் பைதான் உதவும். ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு மற்றது சில மாத வேலை. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கான விளையாட்டுகளே குறி என்றால் சி பிளஸ் பிளஸில் தொடங்குங்கள், நினைவகத்தை நீங்களே கையாளும் பழக்கம் பிறகு எங்கே போனாலும் கைகொடுக்கும்.

ஒரே எஞ்சினின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. எதிர்ப்பு எழுந்து, ஓர் ஆண்டுக்குப் பிறகு அதைக் கைவிட்டது. அதற்குள் பல சிறு குழுக்கள் திறந்த மூல எஞ்சினான கொடோவுக்கு மாறிவிட்டன. அடிப்படை தெரிந்தவர்களுக்குத்தான் அந்த மாற்றம் எளிதாக இருந்தது.

கணக்கில் நான் சுமார். இந்த வேலை முடியுமா?

பள்ளி மேல்நிலைக் கணிதத்தில் வெக்டர், அணி, முக்கோணவியல் ஆகிய மூன்றும் புரிந்தால் தொடங்கலாம். பொருள் தெரியாமல் தேர்வுக்காகப் படித்தவை இங்கே உயிர் பெறும். காவலாளி உங்களைப் பார்க்கிறானா என்று தெரிய வேண்டுமா? அவன் முகம் நோக்கும் திசை ஒரு வெக்டர், அவனிடமிருந்து உங்களுக்கு வரும் கோடு இன்னொரு வெக்டர். இரண்டின் புள்ளிப் பெருக்கல் நேர்மமாக இருந்தால் நீங்கள் அவன் முன்னால், எதிர்மமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால். ஒளிந்து செல்லும் விளையாட்டுகள் பலவற்றிலும் இந்த ஒரு வரி எங்கேயாவது இருக்கும்.

கூடவே, கணினி எண்களை எப்படிச் சேமிக்கிறது என்பதைக் கட்டாயம் படியுங்கள். விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 32 பிட் தசம எண்ணில், எண் பெரிதாகப் பெரிதாகத் துல்லியம் குறையும். தூரத்தை மீட்டரில் கணக்கிட்டால், விளையாட்டு உலகின் மையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பொருளை ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக நகர்த்த முடியாது. 100 கிலோமீட்டரில் அது 8 மில்லிமீட்டர் ஆகிவிடும், கதாபாத்திரத்தின் விரல்கள் நடுங்கத் தொடங்கும். இதை மறந்ததால் எனக்கு வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் எழுதும் மென்பொருளுக்கும் இதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

நேரம். நொடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டும் என்றால் ஒரு படத்துக்கு, அதாவது ஒரு பிரேமுக்கு, 16.67 மில்லிநொடிதான். அதற்குள் வீரரின் கையசைவைப் படித்து, எதிரிகளை யோசிக்க வைத்து, மோதல்களைக் கணக்கிட்டு, ஒலியைக் கலந்து, படத்தை வரைந்து முடிக்க வேண்டும். ஓர் அலுவலக மென்பொருளில் பக்கம் 200 மில்லிநொடி தாமதமானால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே அது 12 பிரேம்கள். வீரர் அதற்குள் செத்துப்போவார். 16.67இல் உங்கள் பகுதிக்குக் கிடைப்பது ஒரு மில்லிநொடியாக இருக்கலாம். அரை மில்லிநொடி கூடுதலாக எடுத்தால் ஒளியமைப்புக் குழு உங்கள் மேசைக்கு வந்து நிற்கும்.

சில நேரம் இயந்திரத்தின் போதாமையே விளையாட்டாக மாறியதும் உண்டு. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகம் கூடுவார்கள். வரைய வேண்டியவை குறைந்ததால் இயந்திரம் தானாகவே வேகமாக ஓடியதுதான் காரணம். உருவாக்கியவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

எல்லாத் தாமதத்தையும் இயந்திரத்தின் தலையில் கட்டவும் கூடாது. ஜிடிஏ ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு கணினியில் திறக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2021இல், ஸ்டுடியோவுக்கு வெளியே இருந்த ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 63,000 பொருட்கள் கொண்ட 10 மெகாபைட் பட்டியல் ஒன்றைப் படிக்கும் நிரல், ஒவ்வொரு சிறு துண்டைப் படிக்கும்போதும் மீதிப் பட்டியல் முழுவதன் நீளத்தையும் மறுபடி அளந்துகொண்டிருந்தது. அதையும், பக்கத்திலிருந்த இன்னொரு வீண் தேடலையும் சரிசெய்ததில் காத்திருப்பு நேரம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் வெகுமதி கொடுத்தது. கருவியை வைத்து அளந்து பார்க்காமல், இங்கேதான் தாமதம் என்று ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் முதல் கேள்வி, எல்லோருடைய மாற்றங்களையும் சேர்த்து நேற்றிரவு உருவாக்கிய விளையாட்டு, அதாவது பில்ட், ஓடுகிறதா என்பது. நூறு பேர் ஒரே விளையாட்டில் கை வைக்கும்போது யாரோ ஒருவர் உடைத்திருப்பார். உடைந்திருந்தால் அதுதான் முதல் வேலை, ஏனென்றால் ஆர்ட்டிஸ்டுகள் அத்தனை பேரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பத்து நிமிடக் கூட்டம், பிழைப் பட்டியல், நிரல் எழுதுதல், சக நிரலாளரின் மாற்றத்தைப் படித்துக் கருத்துச் சொல்லுதல். மாலையில் டிசைனர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாவல் இன்னும் கனமாக இருக்கிறது என்பார். என்ன கனம், எங்கே கனம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஏறும்போது ஈர்ப்பு விசை ஓர் அளவு, இறங்கும்போது அதைவிடக் கூடுதல் என்று மாற்றிக் காட்டுவேன். ஆறாவது முயற்சியில் அவர் முகம் மாறும். அந்த முகத்தைப் படிக்கத் தெரிவதும் வேலையில் பாதி.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து காக்க மற்ற துறைகளில் பெரும்பாலோர் கிட் (Git) என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே பல ஸ்டுடியோக்களில் பெர்ஃபோர்ஸ் இருக்கும். படங்களும் ஒலிகளும் மிகப் பெரிய கோப்புகள், இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால் இணைக்க வழியில்லை. அதனால் ஒருவர் எடுத்தால் மற்றவருக்குப் பூட்டிவிடும் வசதி தேவைப்படுகிறது.

ஒரு பிழையைத் திருத்த ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

திருத்துவது எளிது. கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு டெஸ்டர் ஒருவர் கன்சோலில் விளையாட்டை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நீண்ட நேரம் ஓடினால் நினைவகம் நிரம்பி நின்றுவிடுகிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனை. திங்கள் காலை 9 மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கோட்டை மேல் பறக்கும் கொடி மட்டும் வெட்டி வெட்டி அசைந்தது. விளையாட்டை மறுபடி தொடங்கினால் கொடி அழகாகப் பறக்கும். நான்கு நாள் தேடினேன். கொடியின் அசைவுக் கோப்பு, துணியின் கணக்கு, காற்றின் திசை எல்லாமே சரியாக இருந்தன.

கடைசியில் அது மேலே கணக்குக் கேள்வியில் சொன்ன அதே விஷயம், தூரத்துக்குப் பதிலாக நேரத்தில். விளையாட்டு தொடங்கியதிலிருந்து கடந்த நொடிகளை 32 பிட் எண்ணாகச் சுருக்கிக் கொடிக்கு அனுப்பியிருந்தேன். 1,31,072 நொடிகள், அதாவது சுமார் 36 மணி நேரம் கடந்ததும், அந்த எண்ணால் ஒரு நொடியில் 64இல் ஒரு பங்குக்குக் குறைவான மாற்றத்தைக் காட்ட முடியாது. விளையாட்டு ஓடுவதோ நொடிக்கு 60 பிரேம். அந்த 64 படிகளை 60 பிரேமில் கடக்க, நொடிக்கு 4 முறை கொடி இரண்டு படி தாவியது. கொடியின் அசைவு 8 நொடிக்கு ஒருமுறை திரும்ப வருவது. மொத்த நேரத்தை 8ஆல் வகுத்து மீதியை மட்டும் அனுப்பினேன். ஒரே வரி. நான்கு நாளும் அந்த ஒரு வரிக்குத்தான்.

பெரிய பெயர்களும் நேரக் கணக்கில் தவறுவது உண்டு. டார்க் சோல்ஸ் 2 கணினியில் நொடிக்கு 60 பிரேமில் ஓடியபோது, 30 பிரேமில் ஓடிய கன்சோலைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் ஆயுதங்கள் தேய்ந்தன. 2015இல்தான் திருத்தம் வந்தது.

பிழை இருப்பது தெரிந்தே வெளியிடுகிறார்களாமே, அது ஏமாற்று இல்லையா?

தெரிந்தேதான் வெளியிடுகிறோம். ஒரு பெரிய விளையாட்டின் பட்டியலில் ஆயிரக்கணக்கில் பிழைகள் இருக்கும். சேமித்த ஆட்டம் அழிந்துபோகும் பிழையும், தொலைதூர மரத்தின் நிழல் லேசாக மின்னும் பிழையும் ஒன்றல்ல. கடைசி வாரங்களில் ஒவ்வொரு திருத்தமும் புதுப் பிழையைக் கொண்டுவரலாம் என்பதால், சின்னதைத் தொடாமல் விடுவதே நேர்மையான முடிவாகவும் இருக்கும். கன்சோல் நிறுவனங்களும் தனியாகச் சோதிக்கும். ஆடும்போது கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பு அறுந்தால் விளையாட்டு என்ன செய்கிறது என்பதுவரை பார்ப்பார்கள். தவறினால் திருப்பி அனுப்புவார்கள்.

தேதிக்காகப் பெரிய பிழைகளோடு தள்ளிவிடுவதுதான் ஏமாற்று. சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பழைய கன்சோல்களில் அதன் நிலை மிக மோசமாக இருந்ததால், சுமார் ஒரு வாரத்திலேயே சோனி அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது.

இரவு பகலாக வேலை வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பல இடங்களில் உண்மை. இதற்கு இந்தத் துறையில் கிரஞ்ச் என்று பெயர். 2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவி, வாரம் முழுக்க ஓய்வில்லாமல் வேலை வாங்கப்படுவதைப் பெயர் போடாமல் இணையத்தில் எழுதினார். அதையொட்டிய காலத்தில் ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில், ஆர்ட்டிஸ்டுகளுக்கு 1.56 கோடி டாலரும் நிரலாளர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதன் பிறகு பல ஸ்டுடியோக்கள் திருந்தின, பல திருந்தவில்லை.

நானும் ஒரு ஸ்டுடியோவில் ஏழு வாரம் அப்படி வேலை செய்தேன். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நான் எழுதிய நிரலில் பாதியை, விளையாட்டு வெளியான பின் நானே அழித்தேன். களைத்த மூளை பிழைகளைத்தான் உற்பத்தி செய்யும். வேலைக்குச் சேரும்முன், சென்ற விளையாட்டின் கடைசி மூன்று மாதங்களில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள் என்று அங்கே இருப்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் எப்படி?

இதே திறமைக்கு வங்கி மென்பொருளிலோ பெரிய இணைய நிறுவனத்திலோ பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு வருபவர்கள் அதிகம் என்பதை நிறுவனங்கள் அறிந்திருக்கின்றன. பாதுகாப்பும் குறைவு. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும் யூனிட்டி சுமார் 1,800 பேரையும் நீக்க முடிவெடுத்தன. அடுத்த மாதம் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேர். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மூன்று ஆண்டு உழைத்த விளையாட்டு ரத்தானால் என்ன காட்டி அடுத்த வேலை தேடுவது?

எனக்கு ஒருமுறை நடந்தது. ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் ஒரு படத்தைக்கூட வெளியே காட்ட முடியாது. நிரலை நகலெடுத்து வைத்துக்கொள்வது சட்டப்படியும் தவறு, நேர்காணலில் காட்டினால் உங்களை நம்பவும் மாட்டார்கள். என்ன சிக்கலை எப்படித் தீர்த்தேன் என்று ரகசியம் உடையாமல் சொல்லப் பழகுங்கள். மேலே உள்ள கொடிக் கதையில் விளையாட்டின் பெயர் இல்லை, ஆனால் நான் எப்படி யோசிப்பேன் என்பது தெரிகிறது அல்லவா? கூட இருந்த சக ஊழியர்களின் நல்ல வார்த்தையும் பெரிய பலம்.

முன் அனுபவமே இல்லை. எப்படி உள்ளே நுழைவது?

சிறியதாக ஒன்றை முடித்துக் காட்டுங்கள். பாதியில் நிற்கும் பெரிய உலகத்தைவிட, தலைப்புத் திரை, ஒலி அளவு, சேமிப்பு எல்லாம் உள்ள பத்து நிமிட விளையாட்டு மேல். லூடம் டேர், குளோபல் கேம் ஜாம் போன்ற போட்டிகளில் இரண்டு மூன்று நாளில் ஒரு விளையாட்டை முடிக்க வேண்டியிருக்கும். நல்ல பயிற்சி அது. ஆள் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, விண்ணப்பித்தவரின் கதாபாத்திரம் எப்படித் தாவுகிறது என்பதை. ஏன் என்று எஞ்சின் கேள்வியைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு 34 வயது, பத்து ஆண்டாக வேறு மென்பொருள் எழுதுகிறேன். மாறலாமா?

மாறலாம், ஆனால் சேரும் கதவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சர்வர் எழுதியவரை இணைய ஆட்டக் குழு வரவேற்கும். தானியங்கிச் சோதனையும் பில்டும் தெரிந்தவர் எங்கேயும் கிடைப்பதில்லை. கருவிகள் குழுவை முன்பே சொன்னேன். தாவலை எழுதத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் 22 வயதுக்காரர்களோடு அதே சம்பளத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். குடும்பப் பொறுப்பு இருந்தால் சம்பளக் கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

ஸ்டுடியோவில் இருந்துகொண்டே இரவில் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யலாமா?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சில ஒப்பந்தங்களில், வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும், வீட்டில் உங்கள் சொந்தக் கணினியில் செய்தாலும், நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதியிருக்கும். அது எந்த அளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சேரும் முன்பே கேட்டு, விலக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சரி என்ற மேலாளர் அடுத்த ஆண்டு அங்கே இருக்க மாட்டார்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடும்போது இந்த வேலை நிலைக்குமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். விளையாட்டு எதிரிகளின் அறிவு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் நாமே எழுதும் விதிகள். எதிரி வழி கண்டுபிடிக்கும் ஏ ஸ்டார் முறை 1968இல் வெளியிடப்பட்டது, இன்றும் ஓடுகிறது. நிரல் எழுதித் தரும் கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன். மெனு திரை, கோப்பு மாற்றும் சிறு நிரல் போன்றவற்றில் நேரம் மிச்சமாகிறது. ஆனால் தாவல் கனமாக இருக்கிறது என்று டிசைனர் சொன்னதை அதனிடம் சொன்னால், நம்பிக்கையாக ஓர் எண்ணைத் தரும். அந்த எண் சரியா என்று கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்கும் கைதான் சொல்ல வேண்டும். தொடக்கநிலை வேலைகள் குறையும் என்ற கவலை எனக்கும் உண்டு. அந்த வேலைகளைச் செய்துதான் நாங்கள் எல்லோரும் கற்றோம்.

இதையே தொழிலாகச் செய்தால் விளையாட்டின் மேல் உள்ள ஆசை போய்விடாதா?

ஆடும் ஆசை மாறும். நல்ல காட்சி வந்தால், எத்தனை மில்லிநொடியில் வரைந்தார்கள் என்று மனம் கணக்குப் போடும். முதல் இரண்டு ஆண்டு அது எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு ஒருநாள், வெளியாட்களை அழைத்து ஆடவைத்துப் பார்க்கும் சோதனையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். விளையாட்டே அதிகம் ஆடிப் பழகாத ஒரு பெண்மணி. பாறை விளிம்புக்கு ஓடினார், பொத்தானைத் தாமதமாக அழுத்தினார். திரையில் எங்கள் கணக்கு ஓடியது. அவர் விளிம்பைத் தாண்டி 5 பிரேம் ஆகியிருந்தது, நாங்கள் கொடுத்திருந்த அவகாசம் 6. கதாநாயகி தாவி அடுத்த பாறையைப் பிடித்தாள். அந்த அம்மா எதையும் கவனிக்கவில்லை. தன் கையே தாவியதாக நினைத்துச் சிரித்துக்கொண்டு அடுத்த பாறையை நோக்கி ஓடினார்.